எலியிடம் பட்ட கடன்

எல்லா உயிர்களும் ஒரே குடும்பம் என்பது பாரத நாட்டுச் சான்றோர் காலங்காலமாகச் சொல்லி வந்த உண்மை. சொல்வதற்கு இனிமையான அந்த உண்மை, கடைப்பிடிப்பதற்குக் கடினமானது. பசுவிடமும் பறவையிடமும் அந்த உறவை உணர்கின்றவர்கள்கூட, சமையலறை மூலையில் ஓடும் சுண்டெலியிடம் அதை உணர்வதில்லை. தானியத்தைத் தின்னும், துணியைக் கடிக்கும், நோயைப் பரப்பும் ஒரு தொல்லை என்ற அளவிலேயே அது கருதப்படுகிறது. விநாயகரின் திருவடியில் அதற்கு இடம் உண்டு, வீட்டில் இல்லை.

அந்தச் சுண்டெலிதான் இன்று மனித மனத்தை அறிவதற்கு முக்கியமான ஒரு வாயிலாக இருக்கிறது. அச்சம் எங்கே பிறக்கிறது, கோபம் எவ்வாறு மூள்கிறது, குட்டிகளைப் பேணும் அன்பு மூளையின் எப்பகுதியில் இயங்குகிறது, நினைவு எங்கே பதிகிறது என்னும் கேள்விகளுக்கு உலகின் ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளிடமே விடை தேடுகின்றன. விடைகள் பெருகப் பெருக ஓர் அறக்கேள்வியும் உடன் வளர்கிறது. பிற உயிரைத் துன்புறுத்திப் பெற்ற அறிவு, அதைப் பெற்றவனிடம் எதைக் கேட்கிறது?

புதிய எலியைப் படைத்தல்

எலியின் உடலில் ஒரு மருந்தைச் செலுத்திப் பார்ப்பது பழைய வழக்கம். எலியையே வேறு விதமாகப் பிறக்கச் செய்வது 1980களில் கைகூடிய கலை. எலியின் கருவிலிருந்து குருத்துச் செல்களை எடுத்து வளர்க்கும் முறையை மார்ட்டின் எவான்ஸ் 1981-இல் பிரிட்டனில் வெளியிட்டார். அமெரிக்காவில் மரியோ கபெச்சியும் ஆலிவர் ஸ்மித்தீஸும் தனித்தனியே உழைத்து, ஒரு செல்லில் உள்ள ஆயிரமாயிரம் மரபணுக்களுள் குறிப்பிட்ட ஒன்றை மட்டும் தேடிச் சென்று மாற்றும் வழியைக் கண்டனர். இவ்விரு முறைகளையும் இணைத்து உருவாக்கப்பட்ட எலிகளைப் பற்றிய முதல் அறிக்கைகள் 1989-இல் வெளிவந்தன. இம்மூவருக்கும் 2007-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்முறையின் தர்க்கம் எளியது. ஓர் இயந்திரத்தில் ஒரு திருகாணியைக் கழற்றிவிட்டு, எந்த வேலை நின்றுபோகிறது என்று பார்த்தால் அத்திருகாணியின் பயன் விளங்கிவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஆல்சினோ சில்வாவும் சுசுமு டொனேகாவாவும் 1992-இல் ஒரே ஒரு நொதிக்குரிய மரபணுவை நீக்கிய எலிகளை ஆராய்ந்தனர். தொட்டி நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடை எங்கே இருக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள அந்த எலிகள் தடுமாறின. கற்றல் என்னும் நுண்ணிய செயலுக்கு ஒரு மரபணுவோடு தொடர்பு இருப்பது அதனால் தெரிந்தது.

அடுத்த படி ஒளியின் வழியாக வந்தது. நன்னீரில் வாழும் ஒருவகைப் பச்சைப் பாசிக்கு, ஒளியை உணர்ந்து நீந்துவதற்கு உதவும் புரதம் ஒன்று உண்டு. அப்புரதத்துக்குரிய மரபணுவை நரம்புச் செல்லுக்குள் புகுத்தினால், நீல ஒளி படும்போது அச்செல் தூண்டப்படுகிறது என்பதை 2005-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் பாய்டன், கார்ல் டைசரோத் முதலியோர் காட்டினர். எந்த வகைச் செல்லில் அப்புரதம் தோன்ற வேண்டும் என்பதை எலியின் மரபணுவிலேயே குறித்துவிடலாம். ஆகவே மூளையின் ஒரு குறிப்பிட்ட நரம்புச் சுற்றை மட்டும் விளக்கைப் போல ஏற்றவும் அணைக்கவும் விஞ்ஞானிகளால் முடிகிறது.

கோபம், அன்பு, நினைவு

இவ்வாறு கிடைத்த முடிவுகள் வியப்பையும் அச்சத்தையும் ஒருங்கே தருபவை. 2011-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் டாயூ லின், டேவிட் ஆண்டர்சன் முதலியோர், ஆண் எலியின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள ஒரு சிறு செல் தொகுதியை ஒளியால் தூண்டினர். அமைதியாக இருந்த எலி சீறிப் பாய்ந்தது. வழக்கமாகத் தாக்காத பெண் எலியையும் தாக்கியது. காற்றடைத்த ஒரு கையுறையைக்கூட எதிரியாகக் கருதிப் பாய்ந்தது. பகை எதுவும் இல்லாத இடத்தில் பகை மூண்டது.

2014-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கேதரின் டுலாக்கின் குழுவினர் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டனர். இணை சேராத ஆண் எலிகள் பொதுவாகக் குட்டிகளைத் தாக்கும் இயல்புடையவை. ஹைப்போதலாமஸின் முன்பகுதியை ஒட்டிய ஒருவகை நரம்புச் செல்களைத் தூண்டியபோது அந்த எலிகள் தாக்குவதை விட்டுக் குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கின. அதே செல்களை அழித்தபோது, ஆண், பெண் இரண்டிடமும் குட்டிகளைப் பேணும் தன்மை பெரிதும் குன்றியது.

நினைவும் இதற்கு விலக்கன்று. டொனேகாவாவின் குழுவினர் 2013-இல் செய்த சோதனையில், ஓர் எலி ஒரு பெட்டிக்குள் நடமாடும்போது இயங்கிய நினைவுச் செல்கள் முதலில் குறித்துவைக்கப்பட்டன. பின்னர் வேறொரு பெட்டியில் அச்செல்களை ஒளியால் தூண்டியவாறே காலில் மின்னதிர்ச்சி தரப்பட்டது. மீண்டும் முதல் பெட்டிக்குள் விட்டபோது எலி அஞ்சி உறைந்து நின்றது. அந்தப் பெட்டியில் அதற்கு ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை. நடக்காத ஒன்றின் நினைவு அதன் மூளையில் எழுதப்பட்டிருந்தது.

ஒளியை ஏற்றியவர் யார்?

இவற்றைப் படிக்கும் ஆன்மிக சாதகர் ஒருவருக்கு முதலில் எழும் கலக்கம் இயல்பானது. கோபமும் அன்பும் ஒரு விசையால் வந்து போகின்றன என்றால், கோபத்தை அடக்கவும் அன்பை வளர்க்கவும் செய்யும் முயற்சிக்குப் பொருள் என்ன? அறம் என்பதே நரம்புச் சுற்றின் ஆட்டம்தானா?

கலக்கம் தீர, சோதனை நடந்த அறையைச் சற்று உற்று நோக்கினால் போதும். அவ்வறையில் இருவர் இருக்கின்றனர். ஒருவர் எலி, மற்றவர் விசையைத் தொடும் மனிதர். தூண்டலால் சீறிய எலிக்குத் தேர்வு எதுவும் இல்லை. விசையை எப்போது தொடுவது, எத்தனை முறை தொடுவது, தொடாமலே இருப்பதா என்பதையெல்லாம் தீர்மானித்தவர் மனிதர். எலியின் செயலுக்குக் காரணம் தேடினால் அது விசையில் போய் நிற்கிறது. விசைக்குக் காரணம் தேடினால் ஒரு மனிதனின் முடிவில் போய் நிற்கிறது. சோதனை பொறுப்பை ஒழித்துவிடவில்லை. பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் தெளிவாகக் காட்டுகிறது.

மேலும், மரபணுவும் நரம்பும் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன என்று எலிகளே சொல்லவில்லை. 1999-இல் ஜான் கிராப் முதலியோர் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக மூன்று ஆய்வுக்கூடங்களில் ஒரே மரபுடைய எலிகளை, ஒரே வகைக் கருவிகளைக் கொண்டு, ஒரே முறையில் சோதித்தனர். அப்படியும் சில சோதனைகளில் இடத்துக்கு இடம் நடத்தை மாறியது. ஹண்டிங்டன் என்னும் கொடிய நரம்பு நோய்க்குரிய மரபணுவைத் தாங்கிய எலிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெறுங்கூண்டில் அடைபட்ட எலிகளைவிட, அட்டை, காகிதம் முதலிய பொருள்களோடு ஓடியாட வாய்ப்புப் பெற்ற எலிகளுக்கு நோயின் அறிகுறிகள் தாமதமாகவே தோன்றின. பிறவியில் வந்த மரபணு ஒன்றே. வாழ்ந்த சூழல் வேறாக இருந்ததால் வாழ்க்கையும் வேறாயிற்று. எலிக்கே இது உண்மையென்றால், சத்சங்கமும் நல்லொழுக்கமும் மனிதனை மாற்றும் என்று பெரியோர் சொன்னதில் ஐயம் கொள்ள வேண்டியதில்லை.

ஒரு தாயின் பக்கம்

முதற்கலக்கம் தீர்ந்தாலும் அதைவிடக் கடுமையான கேள்வி எஞ்சி நிற்கிறது. இவற்றையெல்லாம் அறிவதற்காக ஓர் உயிரை அடைத்துவைத்து, அச்சுறுத்தி, இறுதியில் கொன்று மூளையை அரிந்து பார்ப்பது தகுமா? தகாது என்று உடனே சொல்லிவிடுவது அகிம்சையைப் போற்றுவோருக்கு எளிது. ஆனால் அப்படிச் சொல்பவர் ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

ரெட் நோய் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு, ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவது. குழந்தை முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்கிறது. பின்னர், கற்ற சில சொற்கள் மறைகின்றன. பொம்மையைப் பற்றிய கைகள் பற்றும் திறனை இழந்து, ஓயாமல் ஒன்றையொன்று பிசையத் தொடங்குகின்றன. நடையும் தளர்கிறது. நேற்றுவரை 'அம்மா' என்று அழைத்த மகள் இன்று அழைக்காமல் விழியால் மட்டும் நோக்கும் துயரத்தை அந்தத் தாய் நாள்தோறும் சுமக்கிறாள்.

இந்நோய்க்குக் காரணமான மரபணுவை ஹூடா ஜோக்பியின் குழுவினர் 1999-இல் அமெரிக்காவில் கண்டறிந்தனர். மூளைச் செல்கள் அழிந்துவிட்டனவா, அல்லது செயலற்று உறங்குகின்றனவா என்பது மருத்துவ உலகின் பெரிய வினாவாக இருந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பேர்டின் குழுவினர், அதே மரபணு முடக்கப்பட்ட, ஆனால் மீண்டும் இயக்கக்கூடிய எலிகளை உருவாக்கினர். நோய் முற்றிய எலிகளில் மரபணுவை மீண்டும் இயக்கியபோது அவை தேறி எழுந்தன. 2007-இல் வெளிவந்த அந்த ஆய்வு, இந்நோய் மாற்ற முடியாத விதியன்று என்ற நம்பிக்கையை உலகெங்கும் உள்ள பெற்றோருக்கு அளித்தது. 2009-இல் எம்.ஐ.டி.யில், இந்தியாவில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற மிருகாங்க சுர் முதலியோர், உடலில் இயல்பாக உள்ள ஒரு வளர்ச்சிக் காரணியின் சிறு துண்டினால் அத்தகைய எலிகளின் அறிகுறிகள் ஓரளவு தணிவதைக் கண்டனர். அத்துண்டை ஒத்து அமைக்கப்பட்ட டிரோஃபினெடைடு என்னும் மருந்துக்கு 2023 மார்ச் மாதம் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அனுமதி அளித்தது. அது நோயை முற்றிலும் நீக்கும் மருந்தன்று. சில அறிகுறிகளைத் தணிப்பது. எனினும் ரெட் நோய்க்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து அது.

எலியே கூடாது என்று விதித்தால் இந்த வழி திறந்திருக்காது. ஆகவே அகிம்சையின் பெயரால் கண்ணை மூடிக்கொள்வதும் ஒரு தாயின் துயரத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வதாகவே முடியும்.

ஒத்திருப்பதால் பயன்

மனிதனின் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. சுண்டெலியின் மூளையில் ஏறத்தாழ ஏழு கோடி. அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆயினும் மனித மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு எலியிடம் இணை உண்டு என்பது 2002-இல் எலியின் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டபோது தெளிவாயிற்று. அச்சத்தின் பாதையும் நினைவின் இருப்பிடமும் அடிப்படையில் ஒன்றே.

இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. எலி மனிதனைப் போன்றதன்று என்றால், அதன் மூளையை ஆராய்வதால் மனிதனைப் பற்றி ஒன்றும் தெரியப்போவதில்லை, சோதனை வீண். போன்றது என்றால், மனிதனுக்குச் செய்யத் துணியாததை அதற்குச் செய்வது எப்படிப் பொருந்தும்? ஒத்திருப்பதால் எலி பயன்படுகிறது. வேறுபட்டிருப்பதாகச் சொல்லித்தான் அதைப் பயன்படுத்தும் உரிமையை மனிதன் எடுத்துக்கொள்கிறான்.

பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் டேக்கார்ட்டின் வழிவந்தோர், விலங்குகள் உணர்வற்ற இயந்திரங்கள் என்று கருதினர். அந்த நம்பிக்கை இருந்தவரை மனம் உறுத்த இடமில்லை. அதனைத் தகர்த்தது சமயவாதிகளின் வாதம் மட்டுமன்று, ஆய்வுக்கூடமே தகர்த்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னுடன் ஒரே கூண்டில் வாழ்ந்த எலி வலியால் துடிப்பதைக் காணும் சுண்டெலிக்குத் தன் வலியும் கூடுவது தெரிந்தது. அறிமுகமில்லாத எலியின் வலி அவ்வாறு பாதிக்கவில்லை. 2012-இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், பாலூட்டிகளும் பறவைகளும் உள்ளிட்ட பல விலங்குகளுக்கு உணர்வுநிலை தோன்றுவதற்கான நரம்பு அடிப்படை இருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டனர்.

சட்டம் சில வேளைகளில் வேறு விதமாகப் பேசுகிறது. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டத்தில் 2002-இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. ஆராய்ச்சிக்கென்றே வளர்க்கப்படும் சுண்டெலி, எலி, பறவை ஆகியவை அச்சட்டத்தின்படி 'விலங்கு' என்ற சொல்லுக்குள் அடங்கா. அரசின் நிதி பெறும் ஆய்வுகளுக்கு வேறு விதிகள் உண்டு என்பது உண்மையே. ஆயினும், மனிதனின் மனத்துக்குச் சான்றாக நிற்கும் உயிர், சட்டத்தின் அந்தப் பக்கத்தில் விலங்காகக்கூட நிற்கவில்லை. அறிவியல் நெருங்கிய உறவினன் என்கிறது. சட்டம் ஆளையே தெரியாது என்கிறது.

பலியும் தியாகமும்

ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில், எலியைக் கொன்றதைக் குறிக்கப் 'பலியிட்டோம்' என்னும் பொருள் தரும் சொல்லே நெடுங்காலமாக வழங்கி வந்திருக்கிறது. சிலர் அதனைத் தியாகம் என்றும் சொல்வதுண்டு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளல் ஆகாது. புறாவைக் காக்கச் சிபிச் சக்கரவர்த்தி தன் தசையையே அரிந்து தராசில் வைத்தான். தன்னுடையதைத் தானே கொடுத்ததால் அது தியாகம். எலி எதையும் கொடுக்கவில்லை, அதனிடமிருந்து எடுக்கப்பட்டது. அறிவுக்காக எலி தன்னை ஈந்தது என்று புகழ்வது, எடுத்தவன் தன் மனத்தைச் சமாதானம் செய்துகொள்ளும் வழியாக முடிந்துவிடும். எடுத்ததை எடுத்தது என்றே ஒப்புக்கொள்வது நேர்மைக்கு முதற்படி.

ஒப்புக்கொண்டபின் என்ன செய்வது? இதற்குப் பழைய தர்ம நூல்களில் ஒரு தெளிவான வழி இருக்கிறது. இல்லறத்தானின் வீட்டில் அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்து இடங்களில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் நாள்தோறும் மடிகின்றன என்று அவை கணக்கிட்டன. சமைக்காதே, அரைக்காதே என்று அந்நூல்கள் சொல்லவில்லை. வாழ்வதில் இம்சை கலந்திருக்கிறது என்பதை ஏற்று, அதற்கு ஈடாக நாள்தோறும் ஐந்து வேள்விகளை விதித்தன. அவற்றுள் பூத யக்ஞம் ஒன்று. பிற உயிர்களுக்கு உணவில் ஒரு பங்கை வைப்பது. இம்சையே இல்லை என்று மறுக்காமலும், தவிர்க்க முடியாதென்று கைகழுவாமலும், பட்ட கடனைத் தினந்தோறும் தீர்த்துவரச் செய்யும் ஏற்பாடு அது.

கடன் என்னும் தமிழ்ச் சொல் ஆழமானது. பெற்றுக்கொண்டதைத் திருப்பித் தருவதும் கடன். செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். அடுப்படியில் மடியும் உயிர் அறியாமல் மடிவது. ஆய்வுக்கூடத்தில் மடியும் உயிர் அறிந்தே, திட்டமிட்டே கொல்லப்படுவது. எனவே அங்கே பட்ட கடன் பன்மடங்கு பெரியது. எலிக்கும் வலியும் அச்சமும் துணையிடம் பரிவும் உண்டு என்று ஒவ்வொரு சோதனையும் காட்டக் காட்ட, அடுத்த சோதனையைச் செய்வதற்கான நியாயம் மேலும் வலுவாக இருந்தாக வேண்டும். அறிவு வளர்வதால் கடன் குறைவதில்லை. அறிவோடு சேர்ந்து அதுவும் வளர்கிறது. வள்ளுவர், அறிவினால் ஆகும் பயனைப் பற்றிய கேள்வியை, பிற உயிரின் நோயோடு சேர்த்து, இன்னா செய்யாமை அதிகாரத்திலேயே எழுப்பியதன் பொருத்தம் இப்போது விளங்கும்.

கடனைத் தீர்க்கும் வழிகள்

பிரிட்டிஷ் அறிஞர்களான வில்லியம் ரசலும் ரெக்ஸ் பர்ச்சும் 1959-இல் மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்கின்றி முடியுமானால் விலங்கைத் தவிர்த்தல். தவிர்க்க முடியாவிடில் எண்ணிக்கையைக் குறைத்தல். எஞ்சியவற்றின் துன்பத்தைத் தணித்தல். மறு ஆண்டிலேயே இந்தியாவில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1950களில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் இதற்கெனத் தனி மசோதா கொண்டுவந்து அவையின் மனச்சான்றைத் தட்டி எழுப்பியிருந்தார். புதிய அறிவைத் தேடும் சோதனைகளை 1960-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்யவில்லை. அவற்றை மேற்பார்வையிட ஒரு குழுவுக்கு வழி செய்தது. சிறிய விலங்குகளைக் கொண்டே முடியுமானால் பெரிய விலங்குகளைத் தவிர்க்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. பெரிய உயிர்களுக்கு அது கருணை. அந்தக் கருணையின் சுமை சின்னஞ்சிறு எலியின் முதுகில் இறங்குகிறது.

தேவையையும் ஆசையையும் பிரித்தறிவது அடுத்த வழி. ரெட் நோய்க் குழந்தையின் கைகளுக்காக ஓர் எலியை ஆராய்வதும், முகப்பூச்சின் மினுமினுப்புக்காக ஆராய்வதும் ஒன்றாகா. அழகுப் பொருள்களுக்காக விலங்குகளைச் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்தது இந்த விவேகத்தின் அடையாளம். அறிவுக்கூர்மையைக் கூட்டும் ஆசையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோ சியெனின் குழுவினர் 1999-இல் ஒரு மரபணுவைக் கூட்டி, நினைவாற்றல் மிகுந்த எலிகளைப் படைத்தனர், உலகமே வியந்தது. அந்த எலிகள் நீடித்த வலியையும் மிகுதியாக உணர்கின்றன என்று 2001-இல் வேறோர் ஆய்வு காட்டியது. நினைவைக் கூர்மையாக்கிய கை, அறியாமலே வலியையும் கூர்மையாக்கிவிட்டது.

சட்டமும் மெல்ல வழிவிடுகிறது. புதிய மருந்துகளை விலங்குகளிடம் சோதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியது. 2023-இல் இந்தியாவும் தன் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, விலங்குகளைச் சாராத முறைகளுக்கு இடமளித்தது. மனிதச் செல்களிலிருந்து வளர்க்கப்படும் சிறு திசுக்களும் கணினி முறைகளும் சில கேள்விகளுக்கு விடை தருகின்றன. எனினும் அஞ்சுகின்ற, நினைக்கின்ற, குட்டியைப் பேணுகின்ற முழு உயிரின் நடத்தையைக் கண்ணாடித் தட்டில் வளர்க்க இன்னும் இயலவில்லை. எனவே எலியின் பணி நாளையே முடிந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை.

எஞ்சியிருப்பது மனத்தின் நிலை. ஜப்பானில் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிறுவனங்களும், தங்கள் சோதனைகளில் உயிரிழந்த விலங்குகளுக்காக ஆண்டுதோறும் நினைவு வழிபாடு நடத்துகின்றன. ரஷ்யாவின் நோவசிபிர்ஸ்க் நகரில், உயிரியல் ஆய்வு நிறுவனம் ஒன்றின் அருகே 2013-இல் ஆய்வுக்கூட எலிக்கு ஒரு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. கண்ணாடி அணிந்த எலி, மரபணுவின் முறுக்கிய இழையைப் பின்னிக் கொண்டிருப்பதாக அது அமைந்திருக்கிறது. சிலையும் வழிபாடும் இறந்த எலியை எழுப்பா. ஆனால் எடுத்தது ஓர் உயிர் என்பதை எடுத்தவர் மறந்துவிடாமல் அவை காக்கும்.

மறவாமை உயிருள்ள எலிக்கும் பயன்பட வேண்டும். ஆய்வுக்கூடங்களில் சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவது நெடுநாள் வழக்கம். இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜேன் ஹர்ஸ்டும் ரெபெக்கா வெஸ்டும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வாலால் தூக்கப்படும் எலி மனிதக் கையைக் கண்டு அஞ்சி விலகுவதும், உள்ளங்கையில் ஏந்தியோ ஒரு குழாய்க்குள் வைத்தோ எடுக்கப்படும் எலி பதற்றமின்றித் தானே நெருங்கி வருவதும் தெரியவந்தன. இதற்குப் பணமோ பெரிய கருவியோ வேண்டியதில்லை. அஞ்சி நடுங்கும் எலியிடம் அச்சத்தைப் பற்றிச் செய்யும் ஆய்வில் தெளிவு குறைவு என்பதால், இக்கருணை அறிவியலுக்கும் நன்மையே செய்கிறது. இதுபோலவே, பிழையாகத் திட்டமிட்ட சோதனையைத் தவிர்ப்பதும், எதிர்பார்த்த விடை வராத சோதனையையும் வெளியிட்டு மற்றொருவர் அதையே மீண்டும் செய்யாமல் காப்பதும் கடனைத் தீர்க்கும் செயல்களே. வீணாகப் போன உயிருக்கு எந்தச் சமாதானமும் இல்லை.

யார் கடனாளி?

இவையெல்லாம் விஞ்ஞானிகளின் காரியம் என்று ஒதுங்கிவிடலாமா? இன்று பயன்படும் பெரும்பாலான மருந்துகள், மனிதனிடம் வருவதற்கு முன் ஏதேனும் ஒரு விலங்கின் உடலைக் கடந்து வந்தவை. வலி நீங்க மாத்திரையை விழுங்குபவரும் மயக்க மருந்தின் துணையால் அறுவை சிகிச்சை பெற்று எழுந்தவரும் அந்தக் கடனில் பங்காளிகள். சைவ உணவு மட்டுமே உண்பவரும் மருந்துப் பெட்டியைத் திறக்கும்போது இதிலிருந்து விடுபட்டவரல்லர். ஆய்வுக்கூடத்தை மட்டும் பழித்துவிட்டு அதன் பயனை ஏற்றுக்கொள்வது, கசாப்புக் கடைக்காரனைப் பழித்துக்கொண்டே அவனிடம் வாங்குவதைப் போன்றது.

குடிமகன் செய்யக்கூடியதும் உண்டு. விலங்குகளைக் கொண்டு ஆய்வு செய்யும் இந்திய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒரு நெறிமுறைக் குழுவை அமைக்க வேண்டும். விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவர் அக்குழுவில் இடம்பெற வேண்டும் என்பது விதி. இந்தச் சோதனை உண்மையில் தேவைதானா, இத்தனை எலிகள் வேண்டுமா, துன்பத்தைக் குறைக்க வேறு வழி இல்லையா என்று கேட்பது அவருடைய பணி. படித்த, பொறுப்புள்ள, உயிர்களிடம் அன்புள்ள ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் இத்தகைய இடங்களை நிரப்பி, தயங்காமல் கேள்வி கேட்டால், அது ஒரு வேள்விக்கு நிகரான தொண்டு.

மற்றவர்க்கு எளியதொரு சாதனை இருக்கிறது. தேவையற்ற மருந்தைத் தவிர்ப்பது; வாங்கிய மருந்தை வீணாக்காதிருப்பது; மருந்தைக் கையில் எடுக்கும்போது, பெயரின்றி, ஒப்புதலின்றி உயிர் நீத்த சிற்றுயிர்களை ஒரு கணம் நினைப்பது. அந்த ஒரு கணத்து நன்றி உள்ளத்தில் ஊன்றிவிட்டால், வேறு எந்த உயிரிடமும் காரணமின்றிக் கடுமை காட்ட மனம் வராது. நோயிலிருந்து மீண்ட உடலைப் பிற உயிர்களின் நலனுக்காகவும் உழைக்கச் செய்பவர், வாங்கியதில் ஒரு சிறு பங்கையேனும் திருப்பிக் கொடுத்தவராவார்.